எல்லோரும் வாக்களிக்க, வாக்கும் பத்திரமாக இருக்க: கேள்வி பதில்

கேள்வி: பார்வையற்றவர் யார் துணையும் இல்லாமல் காகிதச் சீட்டில் குறியிட முடியுமா?

பதில்: முடியும். சீட்டின் அளவிலேயே ஓர் உறை அட்டை வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரின் கட்டத்துக்கும் நேராக ஒரு துளை, பக்கத்தில் பிரெய்லி எண். பார்வையற்றோரில் பலருக்கு பிரெய்லி தெரியாது என்பதால், புடைத்த எண்ணும் சேர்த்துப் போடுங்கள். வேட்பாளர் வரிசையை முதலில் ஒலிப்பதிவில் கேட்க வைக்க வேண்டும். சீட்டு உறைக்குள் சற்று நழுவினாலே குறி கட்டத்துக்கு வெளியே விழுந்து வாக்கு செல்லாததாகிவிடும். சீட்டின் ஒரு மூலையை வெட்டி அச்சிட்டால் தலைகீழாக நுழைப்பதைத் தடுக்கலாம். இட்ட குறியை அவரே சரிபார்க்க வழியில்லை என்பது இந்த முறையின் பெரிய குறை.

கேள்வி: துணையாள் கூட வந்தால் ரகசியம் போய்விடாதா?

பதில்: ஒருவருக்குத் தெரியத்தான் செய்யும். சேதத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்தியாவின் தேர்தல் நடத்தும் விதிகளில் 49-என் விதி நல்ல உதாரணம்: துணையாளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ரகசியம் காப்பதாக எழுதித் தர வேண்டும், அன்று இன்னொருவருக்குத் துணையாகப் போகக்கூடாது. கடைசி நிபந்தனைதான் உயிர். அது இல்லாவிட்டால் ஒரே கட்சிக்காரர் இருபது முதியவர்களை ‘அழைத்து வந்து’ விடுவார்.

கேள்வி: ஒலி வழிகாட்டும் இயந்திரம் வைத்தால் போதுமா?

பதில்: காதுக்கருவியில் கேட்டு, பொத்தானை அழுத்தி, அச்சான சீட்டை எடுத்துப் பெட்டியில் போடும் இயந்திரம் என்றால் நல்லது. திரையை அணைக்கவும், பேசும் வேகத்தை மாற்றவும் வசதி இருக்க வேண்டும். ஆனால் பலரும் கவனிக்காத ஒரு கோளாறு உண்டு. அந்தச் சாவடியில் ஒரே ஒருவர் மட்டும் இதைப் பயன்படுத்தினால், பெட்டியைத் திறந்ததும் வேறு வடிவத்தில் இருக்கும் அந்த ஒற்றைச் சீட்டு அவருடையது என்று தெரிந்துவிடும். விரும்பும் எவரும் அதில் வாக்களிக்கலாம் என்று வையுங்கள்; சில பத்துப் பேராவது பயன்படுத்தட்டும். இன்னொன்று, எண்ணும்போது பட்டைக்குறியீட்டை நம்பாமல், வாக்காளர் படிக்கக்கூடிய எழுத்தையே எண்ண வேண்டும். பார்வையற்றவருக்கு அச்சானதைத் திரும்பப் படித்துக் காட்டும் கருவியும் அந்த எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: வங்கிப் பரிமாற்றமே கைபேசியில் நடக்கிறதே, வாக்கு மட்டும் ஏன் கூடாது?

பதில்: வங்கியில் தவறு நடந்தால் கணக்கைப் பார்த்துத் திருத்தலாம். வாக்கு யாருடையது என்று தெரியவே கூடாது. பிறகு எதை வைத்துத் திருத்துவது? எஸ்தோனியா 2005 முதல் இணைய வாக்கு நடத்துகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசி வாக்கே செல்லும். மிரட்டி வாக்களிக்க வைப்பதற்கு எதிரான நல்ல ஏற்பாடு அது. ஆனால் வாக்காளரின் கணினியில் புகுந்த தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதல் மென்பொருள்) முழுதாகத் தீராத ஆபத்து. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 உள்ளாட்சித் தேர்தலின்போது இணைய அமைப்பு பளு தாங்காமல் பலர் வாக்களிக்க முடியாமல் போனது. மூன்று இடங்களின் முடிவை நீதிமன்றம் செல்லாது என்றது. என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: தபால் வாக்கில் கையெழுத்து பொருந்தவில்லை என்று தள்ளுகிறார்களே?

பதில்: பக்கவாதம், நடுக்கம், முதுமை எல்லாமே கையெழுத்தை மாற்றும். ஒரே ஒரு பழைய மாதிரியோடு ஒப்பிடாதீர்கள். தள்ளும் முன் வாக்காளருக்குத் தகவல் கொடுத்து, சரிசெய்யச் சில நாள் அவகாசம் தரவேண்டும். சரிபார்ப்பது கையெழுத்து உள்ள வெளி உறையில் மட்டும். பிறகு வாக்குச் சீட்டு உள்ள உள் உறைகளைத் தனியே எடுத்து, கலந்துவிட்டே திறக்க வேண்டும்.

கேள்வி: சக்கர நாற்காலிக்கு அளவு?

பதில்: சாய்தளம் 1:12, அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். வாசல் குறைந்தது 81 செ.மீ., மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 69 செ.மீ. உயரம். சாய்தளம் போட்டுவிட்டு அதன் முன் சரளைக்கல்லை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: இத்தனை வழிகளில் வந்த வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: முடிவை அறிவிக்கும் முன் காகிதச் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றையும் எண்ணும் இயந்திரம் அந்தச் சீட்டுக்குப் பதிந்த வாக்கோடு ஒப்பிடுங்கள். தவறான முடிவு தப்பிவிடும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைக்க, வெற்றி வித்தியாசம் 10 சதவீதம் என்றால் சுமார் 60 சீட்டு போதும். 2 சதவீதம் என்றால் 300-க்கு மேல். முரண்பாடு தென்பட்டால் மேலும் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் முழுவதையும் கையால் எண்ண வேண்டும். உறை அட்டையில் குறியிட்டது, இயந்திரத்தில் அச்சானது, தபாலில் வந்தது எல்லாம் ஒரே குலுக்கலில் இருக்கட்டும்.