வீட்டு வேலை கேள்வி-பதில்: 28 ரூபாய் மேஸ்திரியா, 22 ரூபாய் மேஸ்திரியா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். மாவட்டம் பிரிந்தாலும் கடிதங்களில் வரும் கவலை பிரியவில்லை. கேட்ட கூலி நியாயமா, செய்த வேலை ஒழுங்கா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

மாடியில் இரண்டு அறை எழுப்பியிருக்கிறோம். பூச்சு வேலைக்குக் கூலி மட்டும் சதுர அடிக்கு 28 ரூபாய் என்கிறார் ஒரு மேஸ்திரி. இன்னொருவர் 22 ரூபாய்க்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுப்பது ஐயா? (வாசகர், காட்பாடி)

இந்த இரண்டு தொகைகளை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. 22 ரூபாய்க்காரர் சாரம் கட்டுவதையும் சேர்த்துச் சொல்கிறாரா? தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிப்பாரா? பூசிய பிறகு தண்ணீர் விடுவது யார் வேலை? இருவரிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, பதிலை ஒரே தாளில் எழுதுங்கள். ஆறு ரூபாய் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரியும்.

அடுத்தது அளவு. சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. இந்தியத் தர அளவை முறைப்படி, அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு, இரு பக்கமும் ஒரே பூச்சானால் ஒரு பக்கத்தின் பரப்பைக் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது ஓரங்களைப் பூசும் உழைப்புக்காக. மூன்றடிக்கு ஏழடி கதவும் மூன்றடிக்கு நாலடி ஜன்னலும் இந்த வகையில்தான் வரும். உங்கள் மாடியில் இரண்டு கதவு, நான்கு ஜன்னல் என்று வைத்துக்கொண்டால் கழிக்க வேண்டியது 90 சதுர அடி. 28 ரூபாய் வீதம் 2,520 ரூபாய். எதையுமே கழிக்க மாட்டேன் என்பவருக்கும், கழித்துவிட்டு ஓரத்துக்குத் தனிக்கூலி கேட்பவருக்கும், இந்த முறையைக் காட்டி வேலை தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

பொருள் உங்களுடையது என்பதால் காலி மூட்டைகளை எண்ணுங்கள். உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனம், ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ முக்கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டைக்குள் சிமென்ட் ஆகும். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து மூட்டைதான் ஆயிற்று என்றால் மிச்சம் பிடித்துவிட்டார் என்று மகிழாதீர்கள். கலவையில் மணல் ஏறியிருக்கிறது. பதினைந்து மூட்டை ஆனால் செங்கல் கட்டு கோணலாக இருந்து, அதைப் பூச்சால் நிரப்பியிருக்கிறார்கள்.

பூசும்போது ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரம் இழுக்கும்வரை பொறுமை இல்லாத ஆள், சுவர்மேல் உலர்ந்த சிமென்ட் தூளை அள்ளி வீசித் தேய்ப்பார். சுவர் உடனே வழவழப்பாகிவிடும். சில வாரங்களில் சிலந்தி வலைபோல மயிரிழை விரிசல்கள் ஓடும். இதைக் கண்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பத்து நாள் தண்ணீர் விட்ட சுவரை ஆணியால் கீறினால் கோடு மட்டும் விழ வேண்டும். மணல் பொலபொலவென்று கொட்டினால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் காலை ஒரு வேளை மட்டும் தண்ணீர் தெளிப்பது போதாது. மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

பெயின்ட் அடித்து ஆறு மாதத்தில் கீழ்ச்சுவர் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மறுபடி பட்டி பார்த்து அடிக்கப் பெயின்டர் புதிதாகக் கூலி கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, ஆம்பூர்)

கொடுக்காதீர்கள் அம்மா. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அந்தச் சுவரில் யார் எந்தப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவு பல ஆண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கி நிலத்தடி நீரை உப்பாக்கியதும், அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பானதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே கலவை போட்டிருந்தால் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கிறது. அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கும் இல்லையென்றால் மண்ணிலிருந்தும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றடியோடு நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஈரத்தின் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைச் செங்கல் தெரியும்படி கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து, பெருக்கி, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். கோடையில் சில வாரம் சுவரைத் திறந்தபடி உலரவிடுங்கள். செங்கல் கட்டில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்திய பிறகு, நல்ல தண்ணீரில் கலவை போட்டுப் பூசலாம். செலவழிக்கிற பணம் இந்த வேலைக்கே போகட்டும். ஈரச்சுவர்மேல் தண்ணீர் புகாத பெயின்ட் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மூன்றடியில் இருக்கும் ஈரம் ஐந்தடிக்கு ஏறும்.

இனிமேல் கட்டப் போகிறவர்கள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பெட்டிக்கு நான்கு. 400 சதுர அடிக்கு 25 பெட்டி என்று கடையில் போட்டார்கள். பதிக்கிறவர் போதாது என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், குடியாத்தம்)

பதிக்கிறவர். அந்த டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும், அதாவது 15.5 சதுர அடி. 400 அடிக்கே 26 பெட்டி வேண்டும். வெட்டுச் சேதாரத்துக்கு இரண்டு பெட்டி கூட வாங்குங்கள். சதுர அடி விலை பேசியிருந்தால் பில்லில் பெட்டிக்கு 16 சதுர அடி என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பதித்த மறுவாரம் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். நடுவில் கலவை இல்லாதது வெற்றுச் சத்தம் கொடுக்கும்.

மொட்டை மாடி ஒழுகுகிறது. பத்து வருட உத்தரவாதத்தோடு ரசாயனப் பூச்சு அடிக்கிறேன் என்கிறார் ஒருவர். பழைய மேஸ்திரியோ இருக்கிற தளத்தின்மேலேயே இன்னொரு சுருக்கி போட்டால் போதும் என்கிறார். (வாசகர், சத்துவாச்சாரி)

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்துக் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்திய சுருக்கியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மூன்று அங்குலச் சுருக்கி சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை. இருப்பதன்மேல் இன்னொன்று வேண்டவே வேண்டாம். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுவதானால் அவர் சொல்வது நல்ல யோசனை.

எதைச் செய்தாலும் முதலில் மாடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அது எங்கே போகிறது என்று பாருங்கள். பத்தடிக்கு ஓரங்குலத்துக்குக் குறையாத சரிவு வேண்டும். தண்ணீர் தேங்கும் தளத்தில் எந்தப் பூச்சும் நாளாக நாளாக விட்டுப்போகும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைத் தனியாகச் சரிசெய்யக் கூலியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுகலுக்கு அது முக்கியமான வழி. கத்திரியில் 40 டிகிரி தாண்டும் ஊரில் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. விரிசலை நீளும் தன்மையுள்ள பசையால் அடைக்காமல் மேலே அடிப்பது வீண். உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, கூலிக்குமா என்று எழுதி வாங்குங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, காலி டப்பாக்களை எண்ணிய பிறகே பணம் கொடுங்கள்.

சமையலறை வேலைக்கு 60 சதவீதம் முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் மூன்று மாதமாக வரவில்லை. என்ன செய்வது? (வாசகி, ஆற்காடு)

முதலில் இன்றைய நிலையைத் தேதியோடு படமெடுங்கள். முடிந்த வேலையை வேறொரு மேஸ்திரியிடம் அளந்து மதிப்பிட்டு எழுதி வாங்குங்கள். பிறகு, பதினைந்து நாளில் வேலையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் மீதிப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செல்போன் வழியாகப் பணம் அனுப்பிய ரசீதும் அவர் அனுப்பிய செய்திகளும் ஆதாரமாகும். எதையும் அழித்துவிடாதீர்கள். புதிய ஆளிடம் கொடுக்கும்போது முன்பணம் பத்து சதவீதம், பிறகு மேடை கட்டியதும், குழாய் பதித்து அழுத்தம் கொடுத்துச் சோதித்ததும், டைல்ஸ் முடிந்ததும் என்று பிரித்துக் கொடுங்கள். குழாயைச் சோதிக்காமல் அதன்மேல் டைல்ஸ் ஒட்ட அனுமதிக்காதீர்கள்.