பில் வாங்கினீங்களா? – இந்த வாரம் ஏர் ஃபில்டர் கடிதங்கள்

மணலி, எண்ணூர், மாதவரம், மீஞ்சூர் பக்கமிருந்து வந்த லாரிக் கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் பதில். சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன்.

கேள்வி: சொந்த டாரஸ் லாரி, சாம்பல் லோடு அடிக்கிறேன். ஏர் ஃபில்டர் ஒரு கடையில் 650 ரூபாய், அதே சைஸ் இன்னொரு கடையில் 1,800. ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியல. எதை வாங்குறது சார்? – மணலி புதுநகர்

பதில்: தெரியாதுதான். தெரிகிற மாதிரி மட்டமாகச் செய்தால் யார் வாங்குவார்கள்? விலை வித்தியாசம் காகிதத்திலும், மடிப்பை ஒட்டிய பசையிலும், வாயோர ரப்பரிலும் இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றை உங்கள் வண்டி இழுப்பது அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் எண்ணூர் நிலக்கரிப் பொடிக்கும் நடுவில். நல்ல எலிமென்ட், அதாவது ஃபில்டர் கூட்டுக்குள் மாட்டுகிற மடிப்புக் காகித ஃபில்டர், உள்ளே வரும் தூசியில் 99.9 சதவீதத்தைப் பிடித்துவிடும். 99 சதவீதம் பிடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோ தூசிக்கு முதலாவது விடுவது ஒரு கிராம், இரண்டாவது விடுவது பத்து கிராம். சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிடும். அப்புறம் ஆயில் குடிக்குது, இழுவை இல்லை என்று பட்டறையில் நிற்பீர்கள்.

கடையில் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் புகை விதியில் பிஎஸ்-4க்கு ஒன்று, பிஎஸ்-6க்கு ஒன்று என்று மாறும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். எலிமென்ட்டைக் கையில் வாங்கியதும் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். அமுங்கி உடனே எழும்ப வேண்டும். மூடித் தகடும் காகிதமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பசை விட்டுப்போன இடத்தில் நகம் நுழையும். மொபைல் டார்ச்சை உள்ளே விட்டு வெளியிலிருந்து பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்க வேண்டும். இது சட்டம்.

1,800 கட்டுப்படியாகவில்லை என்றால் நடுவில் ஒரு வழி உண்டு. லாரி கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. பார்ட் நம்பர் பொருந்தினால் அது போதும். அந்த 650 வேண்டாம்.

கேள்வி: டிரெய்லருக்குக் கழுவிப் போடுகிற காட்டன் ஃபில்டர் மாட்டினால் பவர் ஏறும் என்கிறார்கள். உண்மையா? – காசிமேடு

பதில்: ஏறாது. என் பழைய பைக்குக்கு அப்படி ஒன்று வாங்கியது பரணில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாரா வாரம் டயர் கடையில் ஃபில்டரைக் கழட்டிக் காத்து அடிச்சு மாட்டுறேன். சுத்தமாத்தான் வச்சிருக்கேன். ஆனா மெக்கானிக் திட்டுறார். – மாதவரம்

பதில்: அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள், நல்லவர்.

இந்தக் காத்து அடிக்கிற பழக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

டயர் கடை கம்ப்ரஸர் லாரி டயரில் 100 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் ஏற்றுவதற்காக வைத்திருப்பது. அந்தக் காற்றைக் காகிதத்தின் மேல் கிட்டத்தில் பிடித்தால் காகிதம் என்ன ஆகும்? கிழியாது. கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், புதுசு வாங்குவீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழும். பார்க்கச் சுத்தமாக, புதுசு மாதிரி இருக்கும். இன்ஜினைத் தின்பது அந்த ஓட்டைகள் வழியாகப் போகும் தூசி. அதைவிட மோசம், பையன் ஃபில்டரை டயர் மேல் தட்டித் தட்டிக் கொட்டுவது. மூடித் தகடு கோணினால் ரப்பர் சரியாக உட்காராது. அப்புறம் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும், உள்ளே நுழைய வேண்டிய அவசியமே இல்லை.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. மேலே கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாகப் பிடிக்கும், அந்தப் படிவே ஒரு சல்லடையாகிவிடுவதால். நீங்கள் வாரா வாரம் அதை ஊதி எறிகிறீர்கள். போதாததற்கு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூட்டின் உள்பக்கம், இன்ஜினுக்குப் போகிற சுத்தமான பக்கத்தில், ஒரு சிட்டிகைத் தூசி விழுகிறது. அது நேராக டர்போவுக்குப் போகிறது.

எப்போது மாற்றுவது என்பதை உங்கள் கண் சொல்லாது. கூட்டிலோ அதிலிருந்து கிளம்பும் குழாயிலோ விரல் கட்டை அளவில் ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதில் சிவப்பு ஏறும். டர்போ டீசல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 25 அங்குலத் தண்ணீர் அழுத்தம், அதாவது சுமார் 6.2 கிலோபாஸ்கல் உறிஞ்சல்தான் எல்லை. சிவப்பு வந்தால் மாற்றுங்கள். மாற்றியதும் இண்டிகேட்டர் பித்தானை அமுக்கி விடுங்கள். இண்டிகேட்டர் உடைந்திருந்தால் அதை முதலில் வாங்குங்கள், பெரிய செலவில்லை. அது வரும்வரை மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிலோமீட்டர் நல்ல ரோட்டில் ஓடுகிற வண்டிக்குப் போட்டது, நிலக்கரி யார்டுக்குப் போட்டதல்ல.

வழியில் மாட்டிக்கொண்டு வேறு போக்கே இல்லை என்றால், 30 பவுண்டுக்குள், தள்ளிப் பிடித்து, உள்ளேயிருந்து வெளியே ஊதுங்கள். அதுவும் வெளி ஃபில்டரை மட்டும். உள்ளே சின்னதாக இருக்கிற சேஃப்டி ஃபில்டரை ஊதவே கூடாது, தட்டவும் கூடாது. வெளி ஃபில்டரை இரண்டு மூன்று முறை மாற்றும்போது அதையும் ஒரு முறை புதுசாக மாற்றுங்கள். “அது எதுக்கு, காத்து கம்மியாகுது” என்று கழட்டி எறிகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: என்னோடது பிஎஸ்-6 வண்டி. கரும்புகையே இல்லை. அப்ப ஃபில்டர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? – மீஞ்சூர்

பதில்: இல்லை. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவான டீசல் லாரிகளில் பெரும்பாலும் சைலன்ஸர் பக்கத்தில் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் இருக்கிறது. காற்று பற்றாமல் வரும் புகையை அது விழுங்கிவிடும். வழக்கத்தைவிட அடிக்கடி ரீஜெனரேஷன், அதாவது பிடித்த கரியை எரித்துத் தள்ளும் வேலை, கேட்கிறதா, மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைகிறதா என்று பாருங்கள். புகை பார்த்துக் கண்டுபிடிக்கிறதெல்லாம் பழைய வண்டிக்கு.

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். ஒரே லாரி, நானே ஓட்டுகிறேன். கம்பெனி பெட்டியில் போட்ட ஃபில்டர் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்தார்கள். ரெண்டு மாசத்தில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக் திறந்து பார்த்தால் ரப்பர் கல்லு மாதிரி இறுகி வெடித்திருந்தது, ஹோஸ் உள்ளே தூசிக் கோடு. கடைக்காரர் “எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கு, பில் இல்ல, கேரண்டி கிடையாது. லாரி வியாபாரத்துக்கு ஓடுது, நீ கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகவே முடியாது” என்கிறார். இன்ஜின் வேலைக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். – பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. கடைக்காரர் சொன்னதில் பாதி பொய், பாதி மிரட்டல்.

லாரி வைத்திருந்தால் நுகர்வோர் இல்லை என்பது தவறு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணம் காட்டியது. லாரி வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒரு ஆள் வைத்திருப்பதால் அந்த உரிமை போய்விடாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கிளீனர் இருக்கிறாரே என்று கடைக்காரரின் வக்கீல் கிளம்பினால் இதைக் காட்டுங்கள்.

பில் இல்லாதது பலவீனம், முடிவு இல்லை. எஸ்டிமேட் சீட்டு, ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், கடைக்காரரின் வாட்ஸ்அப் எல்லாமே ஆதாரம். (பில் இல்லாமல் 500 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்றதும் தலையாட்டி நான் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எஸ்டிமேட் சீட்டுகூடக் கிடையாது. அந்தக் கடைக்காரருக்கு இப்போது என் முகமே ஞாபகமில்லை.)

அந்த ஃபில்டரையும் பெட்டியையும் பாலித்தீனில் கட்டி வையுங்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். “மாத்திக் கொடுக்குறேன், பழசைக் கொண்டா” என்பார் கடைக்காரர், ஏமாறாதீர்கள். இன்ஜினை மூடுவதற்கு முன் ஹோஸின் உள்பக்கம், லைனர், ரிங் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். மெக்கானிக்கிடம் பட்டறை லெட்டர்பேடில் என்ன பார்த்தார் என்று எழுதி வாங்குங்கள். ஃபில்டர் காசை வாங்குவது சுலபம். இன்ஜின் செலவை வாங்க இந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். அது இல்லாவிட்டால் “ஏற்கெனவே தேய்ந்த இன்ஜின்” என்பார்கள்.

பெட்டியில் பெயர் போட்டிருக்கும் கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள். டூப்ளிகேட் என்றால் கடைக்காரர் மேல் உங்களைவிட அவர்களுக்குக் கோபம் அதிகம் இருக்கும். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். 1915க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், ஃபில்டர் விலைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது அலைச்சல் கஷ்டம்தான். ஆனாலும் நோட்டீஸ் மட்டுமாவது இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் 14 டிரெய்லர். மொத்தமாக 40 எலிமென்ட் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, எடுத்துவிட்டோம். மாட்டும்போதுதான் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று தெரிந்தது. ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது. அடியில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டலாமா? – மாதவரம்

பதில்: கூடாது. 40 வாங்குவதற்கு முன் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்திருக்கலாம். 14 வண்டி வைத்திருப்பவர் மேலே சொன்ன ஓட்டுநர் மாதிரி நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்க முடியாது, சிவில் வழக்குதான். அந்த 40ஐயும் வேறு யாராவது ஏழை ஓட்டுநர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மழையில் தண்ணி தேங்கின ரோட்டில் போய் ஃபில்டர் நனைந்துவிட்டது. வெயிலில் காய வைத்துப் போடலாமா? – வியாசர்பாடி

பதில்: நனைந்து காய்ந்த காகிதம் பழைய காகிதம் ஆகாது, புதுசு போடுங்கள். தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முதலில் மெக்கானிக்.

ஃபில்டர் கூட்டின் அடியில் உதடு மாதிரி பிளந்த ஒரு ரப்பர் வால்வு தொங்கும். இரண்டு விரலால் அழுத்தினால் தூசியும் தண்ணியும் கொட்டும். பல வண்டிகளில் அது கிழிந்து போயிருக்கும், அல்லது யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் எப்படி என்று குனிந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வண்டிக்கு வாங்குகிற ஃபில்டர் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரர் தனியாக எடுத்து நல்ல விலை கொடுக்கிறார். சாதா அட்டைக்கு அவ்வளவு தர மாட்டார். கொடுக்கலாமா? – கொருக்குப்பேட்டை

பதில்: கம்பெனி பெட்டிக்குள் டூப்ளிகேட் போய் உட்கார்வது இப்படித்தான் அம்மா. ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தையும் பார்ட் நம்பர் பக்கத்தையும் கிழித்துவிட்டு, அதே விலை தருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.