பூண்டை விட்டும் நெஞ்செரிச்சலா?

யோகத்துக்கு ஏற்ற சாத்துவிக (மனதை அமைதியாக வைக்கும்) உணவுக்காக வெங்காயம், பூண்டு விட்டும் காலைப் பிராணாயாமத்தில் நெஞ்சு எரிகிறது என்றால் இரவுச் சாப்பாட்டின் புளியையும் மிளகாயையும் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் பூண்டை எடுத்தாலும் வெண்டைக்காய் மண்டி (அரிசி கழுவிய நீரில் புளி, மிளகாய் சேர்த்துச் செய்வது) மண்டிதானே! கீதையின் 17ஆம் அத்தியாயம் மிகுந்த காரம், புளிப்பு, உப்பு, ஆறிப் பழசான உணவு இவற்றைத்தான் தள்ளுகிறது. வெங்காயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை.

ஒரு வாரம் மண்டி, வத்தக்குழம்பு எல்லாம் மதியத்தோடு சரி. இரவுக்குப் பச்சரிசிச் சோறு, பாசிப்பருப்பு, சுரைக்காய்க் கூட்டு, கொஞ்சம் நெய். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு, கால் வயிற்றைக் காலியாக விடுங்கள். ஹட யோகப் பிரதீபிகை என்ற யோக நூல் சொல்லும் மிதாகாரம் (அளவான உணவு) இந்தக் கால் வயிற்றுக் கணக்குதான்.

அப்புறம், சாத்துவிகம்தானே என்று ராத்திரியில் கும்மாயத்தை (பருப்பு மாவு, வெல்லம், நெய் சேர்த்த செட்டிநாட்டு இனிப்பு) ஒரு கை பார்க்காதீர்கள், நெய் கனம். அப்படியும் எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.