இலவசப் பாடத்துக்கு எதற்குக் காசு? சுகாதாரப் பணியாளர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழுடன் தொற்றுத் தடுப்பு ஒன்லைன் கோர்ஸ், 7,500 ரூபா, இன்றைக்குள் கட்ட வேண்டும்’ என்று ஒரு விளம்பரம் வந்தது. என்னோடு நைட் ஷிப்ட் செய்யும் பிள்ளை கட்டிவிட்டாள். வெளிநாடு போக உதவும் என்கிறார்கள். நானும் கட்டட்டுமா?

பதில்: கட்ட வேண்டாம், தங்கச்சி. தொற்றுத் தடுப்பை உலக சுகாதார ஸ்தாபனம் இலவசமாகவே படிப்பிக்கிறது. 2017இல் ‘ஓப்பன்டபிள்யூஎச்ஓ’ என்ற தளத்தை அது தொடங்கியது. கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் அதில்தான் படித்தார்கள். பிறகு 2024 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஸ்தாபனத்தின் அகடமி திறக்கப்பட்டது. அந்த அகடமிக்கும் இணையவழிப் பாடங்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த லிங்கை அழுத்தாதீர்கள். ஸ்தாபனத்தின் பிரதான இணையத்தளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்கிருந்து பாடங்களுக்குள் போங்கள். ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் பதிவு செய்யலாம்.

அந்த 7,500 ரூபாவுக்கு என்ன தருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கைச் சுத்தம் பற்றிய பாடம் எங்கே படித்தாலும் அதே ஐந்து தருணங்கள்தான்: நோயாளியைத் தொடுமுன், கிருமி நீக்கிச் செய்யும் வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கைகளைத் தேய்க்க அல்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். இந்த ஐந்தாவது தருணத்தைத்தான் வாட்டில் அதிகம் மறந்துபோகிறோம். கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். இதையெல்லாம் காசில்லாமல், திரும்பத் திரும்பப் பார்த்துப் படிக்கலாம். விற்பவர்கள் உங்களிடம் விற்பது பாடத்தை அல்ல, ஒரு கடதாசியை.

அந்தக் கடதாசியை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் மேற்றனா? வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியா? அவர்களிடமே போய், ‘இந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். ஸ்தாபனத்தின் பாடச் சான்றிதழ் நீங்கள் படித்ததைக் காட்டும், அவ்வளவுதான். அது பட்டமும் அல்ல, தாதியாகப் பதிவு செய்ததற்கு ஈடும் அல்ல. சான்றிதழ்களிலும் வித்தியாசம் உண்டு. பாடத்தைப் பார்த்து முடித்ததற்கு ஒன்று, பரீட்சையில் போதிய புள்ளி எடுத்ததற்கு இன்னொன்று. முடிந்தால் இரண்டாவதை எடுங்கள்.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். பிரித்தானியாவை எடுத்துக்கொண்டால், அங்குள்ள தாதியர் பேரவை புதிதாக வருபவரிடம் ஆங்கிலத் தேர்ச்சி, கணினிவழிப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை ஆகியவற்றைத்தான் கேட்கிறது. வாட்ஸ்அப் சான்றிதழுக்கு அங்கே இடமில்லை. பதிவானவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 35 மணிநேரத் தொடர் கற்றல் வேண்டும், அதில் 20 மணிநேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அங்கே பார்ப்பது படித்தது உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான். எவ்வளவு காசு கட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காசு கட்டிய உங்கள் தோழிக்கும் ஒன்று சொல்லுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வங்கிச் சிட்டை, அவர்கள் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரும்படி முதலில் எழுத்தில் கேட்கட்டும். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்போடு விட்டுவிடக் கூடாது. அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் இந்த உரிமையை இழக்கிறார்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ‘இலவசம்’ என்று போட்டிருந்த வெளிநாட்டுப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். ஒரு வாரம் கழித்து கார்டில் டொலர் கணக்கில் காசு கழிந்துவிட்டது. இது எப்படி?

பதில்: நீங்கள் சேர்ந்தது பெரும்பாலும் இலவசப் பாடமாக இருக்காது, இலவசத் தவணையாக, அதாவது சில நாட்களுக்கு மட்டும் இலவசமாக இருக்கும். அந்தத் தவணை முடிந்ததும் சந்தா தானாகவே தொடங்கிவிடும். உடனே கணக்குக்குள் போய்ச் சந்தாவை நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதுங்கள், வங்கிக்கும் அறிவியுங்கள். இனிமேல் எங்காவது கார்ட் இலக்கம் கேட்டால், அந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள். உண்மையில் இலவசமான பாடத்துக்குக் கார்ட் எதற்கு?

கார்ட் கேட்காத நல்ல இடங்கள் இருக்கின்றன. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்லேர்ன்’ பாடமும் தருகிறது, பங்கேற்புச் சான்றும் தருகிறது, இரண்டுக்கும் காசில்லை. மருத்துவ ஆய்வுகளில் வேலை செய்பவர்களிடம் கேட்கப்படும் ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ப் பாடத்தை, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ‘குளோபல் ஹெல்த் டிரெயினிங் சென்டர்’ சான்றிதழுடன் இலவசமாகத் தருகிறது. கோர்செரா போன்ற தளங்களில் சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் வசதி குறைந்தவர்கள் கட்டணச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் உங்கள் நிலைமையை நேர்மையாக எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை, அதுதான் பிஎல்எஸ், முழுக்க ஒன்லைனில் முடித்து, பயிற்சி முடித்ததற்கான கார்ட் தருவதாகச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை வாசித்து அறியலாம். அந்த 5 சென்றிமீற்றர் எவ்வளவு பலம் கேட்கிறது, இரண்டு நிமிடத்தில் தோள் எப்படிக் களைத்துப்போகிறது என்பதெல்லாம் பயிற்சிப் பொம்மையில் அழுத்தினால்தான் தெரியும். அமெரிக்க இருதயச் சங்கத்தின் முறையில் பாடப்பகுதியை ஒன்லைனில் படிக்கலாம், ஆனால் நேரில் செய்துகாட்டாமல் கார்ட் இல்லை. அந்தக் கார்டும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

கேள்வி: மகள் ஏ.எல். முடித்துவிட்டாள். ஆறு மாத ஒன்லைன் ‘நர்சிங் டிப்ளோமா’ ஒன்றுக்குத் தவணைமுறையில் காசு கட்டச் சொல்கிறார்கள். படித்து முடித்தால் வெளிநாட்டில் பராமரிப்பாளர் வேலையும் எடுத்துத் தருவார்களாம். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாகூடக் கட்டுமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள், அம்மா. தாதியாக வேலை செய்ய இலங்கை தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். வாட்டில் நின்று பழகாத ஆறு மாத ஒன்லைன் படிப்பால் அது கிடைக்காது. பராமரிப்பாளர் வேலைதான் நோக்கம் என்றால், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்விகியூ, தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். அந்த நிறுவனத்தின் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, நாரஹேன்பிட்டியிலுள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் சரிபாருங்கள். ‘பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று சொன்னால், பதிவு கையில் வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை எடுத்துத் தருவதாகச் சொல்பவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 இலக்கத்தில் கேட்கலாம். இன்றே கேளுங்கள். முதல் தவணை கட்டிய பிறகு கேட்டால், காசைத் திரும்ப வாங்க அலைவதே பெரிய வேலையாகிவிடும்.