லாட்கே மொறுமொறுவென்று வர: கேள்வி பதில்

கேள்வி: லாட்கே என்றால் என்ன? ஹனுக்கா பண்டிகைக்கு ஏன் அதைச் செய்கிறார்கள்?

பதில்: கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்தெடுக்கும் சின்ன அடை. ஜெருசலேம் கோயில் விளக்கில் ஒரு நாளைக்கான எண்ணெய் 8 நாள் எரிந்தது என்ற நம்பிக்கைதான் ஹனுக்கா. அதனால் 8 நாளும் எண்ணெய்ப் பலகாரம்.

கேள்வி: அளவு சொல்லுங்கள் அக்கா.

பதில்: பழைய உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று (200 கிராம்), முட்டை 2, மாட்சா மாவு 4 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. மாட்சா என்பது புளிக்க வைக்காத ரொட்டி. அதைப் பொடித்ததுதான் அந்த மாவு. கிடைக்காவிட்டால் மைதா போதும். சுமார் 20 வரும். புதுக்கிழங்கு வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு.

கேள்வி: எவ்வளவு பொரித்தாலும் நடுவில் நொசநொசவென்றே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: பிழிவதில். துருவலில் ஈரம் இருந்தால் அது ஆவியாகும்வரை எண்ணெயின் சூடு ஏறாது. கிழங்கு பொரியாமல் வேகும். துருவியின் பெரிய கண்ணில் கிழங்கையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவுங்கள். வெங்காயச் சாறு பட்டால் கிழங்கு சீக்கிரம் கறுக்காது. துருவலை மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து முறுக்குங்கள். சொட்டு நின்றதும் துருவலை உதறிவிட்டு இன்னொரு முறை முறுக்குங்கள். இரண்டாவது முறையும் தண்ணீர் வரும்.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! 10 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு மெதுவாகச் சாய்த்தால் கலங்கிய பழுப்புத் தண்ணீர் வழிந்துவிடும். அடியில் வெள்ளைவெளேரென்று, சுரண்டினால் சுண்ணாம்பு போலக் கெட்டியாக ஒரு படலம் நிற்கும். அதுதான் மாவுச்சத்து. அதை வழித்துத் துருவலோடு சேர்த்துப் பிசையுங்கள். ஓரம் கண்ணாடி போல நொறுங்குவது இதனால்தான். இதைச் சேர்த்தால் வேறு மாவு அதிகம் போட வேண்டியதில்லை. மாவு கூடினால் அது போண்டாதான்.

உப்பைக் கடைசியில், எண்ணெய் காய்ந்த பிறகு கலக்குங்கள். முன்கூட்டியே போட்டால் கலவை மறுபடி நீர் விடும்.

கேள்வி: எண்ணெய் எவ்வளவு, எந்தச் சூட்டில்?

பதில்: அடிகனமான வாணலியில் அரை செ.மீ. உயரத்துக்கு. சூடு 175 முதல் 185 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையா? ஓர் இழை துருவலைப் போடுங்கள். உடனே சுற்றிலும் நுரைத்துச் சீற வேண்டும். ஒரு குவியல் கரண்டி எடுத்து வைத்து, 1 செ.மீ. கனத்துக்குத் தட்டுங்கள். ஓரத்தை ஒழுங்காக வட்டமாக்க வேண்டாம். பிசிறி நிற்கும் இழைகள்தான் முதலில் மொறுமொறுக்கும். பக்கத்துக்கு 3, 4 நிமிடம். நெருக்கமாக அடுக்கினால் எண்ணெய் ஆறி, அடை எண்ணெய் குடிக்கும்.

கேள்வி: திருப்பும்போது உடைகிறதே மேடம்?

பதில்: அவசரப்படுகிறீர்கள். ஓரம் பொன்னிறமாகாமல் கரண்டி வைக்காதீர்கள்.

கேள்வி: முட்டை இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். படிந்த மாவுச்சத்தோடு 2 மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவு கூட்டி, சின்னதாகத் தட்டுங்கள். கொஞ்சம் எளிதில் உடையும், ருசியில் குறை இருக்காது.

கேள்வி: தொட்டுக்கொள்ள என்ன?

பதில்: ஆப்பிள் கூழ் அல்லது புளித்த கிரீம். கோஷர் என்ற யூத உணவு முறையில் இறைச்சியும் பாலும் சேராது. எனவே அந்தக்கால வழக்கப்படி வாத்துக்கொழுப்பில் பொரித்தால் ஆப்பிள் கூழ் மட்டுமே. தாவர எண்ணெய் என்றால் இரண்டும் சரி.

கேள்வி: விருந்தினர் வருமுன்பே செய்து வைக்கலாமா?

பதில்: பொரித்ததைக் காகிதத்தில் வைத்தே விட்டுவிடாதீர்கள், அடியில் ஆவி தங்கி நமுத்துவிடும். கம்பித்தட்டில் ஆறவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் உறையவிடுங்கள். பரிமாறும்போது உறைநிலையிலேயே 220 டிகிரி அவனில் 10 நிமிடம் போதும்.