வெற்றிக்குப் பின் வந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் பருவம் தொட்டு நான் ஒரே கால்பந்து அணியின் ரசிகன். எந்த அணி என்பது இங்கே முக்கியமில்லை. அதை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் பெரியப்பா. நாங்கள் சேர்ந்து பார்த்த ஆட்டங்களில் வென்றவை குறைவு. அணி ஒரு பிரிவு கீழே இறங்கிய ஆண்டில் தொலைக்காட்சியில் அதன் ஆட்டங்களைக் காட்டவே மாட்டார்கள். இணையத்தில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு இருவரும் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருப்போம். பெரியப்பா இப்போது இல்லை. சென்ற ஆண்டு அணி கோப்பையை வென்றது.

மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்த அணியின் ஜெர்சியோடு நின்றார்கள். "நாம ஜெயிச்சிட்டோம்" என்று கைகுலுக்க வந்த சக ஊழியரிடம், இதற்கு முன் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் யார் என்று கேட்டேன். அவர் விழித்தார். அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட திருப்தியை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கோபம் தீரவில்லை. வற்றிய குளத்தில் கொட்டியும் ஆம்பலுமாகக் கிடந்தவர்கள் நாங்கள். நீர் நிறைந்த பிறகு வந்திறங்கிய பறவைகள் இவர்கள். இப்படி நினைப்பது சிறுமையா? அதே நண்பர், அடுத்த ஆட்டத்தை என்னோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கோபத்தைச் சிறுமை என்று நான் சொல்லமாட்டேன். நீண்ட காலம் ஒன்றின் மேல் அன்பு வைத்தவருக்கு மட்டுமே அது வரும். ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு வருத்தங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன என்றும், அவற்றில் ஒன்றுக்குக்கூட உங்கள் சக ஊழியர் காரணமில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் எடுத்தாண்ட பழைய உவமையிலிருந்தே தொடங்குகிறேன். ஔவையாரின் அந்த மூதுரைப் பாடல் பழிப்பது, நீர் இருந்தவரை குளத்தில் இருந்துவிட்டு வற்றியதும் பறந்துபோன பறவைகளை. அணி சரிந்தபோது ஜெர்சியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கோப்பை வந்த அன்று அதை மீண்டும் அணிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் நீங்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் சக ஊழியர் அந்தக் குளத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். விட்டுப் போகும் சந்தர்ப்பமே இன்னும் வராத ஒருவரை, விட்டுப் போனவர்களோடு சேர்த்துத் தீர்ப்பெழுதிவிட்டீர்கள்.

இந்த இரு வகையினரையும் பிரித்துக் காட்டக் காலம் ஒன்றால்தான் முடியும். 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்தின் முதல் அடுக்குத் தொடரான பிரீமியர் லீக்கை வெல்லும் என்று பந்தயம் கட்டுபவர்களுக்கு ஒன்றுக்கு 5,000 என்ற விகிதம் அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் பெரும்பகுதியைக் கடைசி இடத்தில் கழித்து, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்திலிருந்து கடைசி வாரங்களின் வெற்றிகளால் தப்பிய அணி அது. அந்த அணி பட்டத்தை வென்றபோது, அதுவரை அதன் பெயரைக்கூடக் கேட்டிராத எத்தனையோ பேர் உலகெங்கும் அதன் ரசிகர்களானார்கள். பழைய ரசிகர்களில் பலர் அன்று உங்களைப் போலவே மனம் கசந்திருக்கக்கூடும். பிறகு 2021-இல் லெஸ்டர் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது; 2023-இல் தரமிறங்கியது; 2024-இல் மேலே வந்தது; 2025-இல் மறுபடியும் இறங்கியது. 2016-இன் கொண்டாட்டத்தில் வந்து சேர்ந்தவர்களில் இந்த இரண்டு சரிவுகளையும் தாண்டி இன்றும் கூடவே இருப்பவரை இனியும் திடீர் ரசிகர் என்று அழைக்க முடியுமா? அவர் எந்த நாளில் பழைய ரசிகராக மாறினார் என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றியைப் பார்த்து வந்தார் என்பது அவருடைய கதையின் முதல் வரி மட்டுமே. நம்மில் பெரும்பாலோரின் முதல் வரியும் அப்படித்தான்: சிறு வயதில் பார்த்த ஒரு பெரிய வெற்றி, அல்லது வீட்டுப் பெரியவர் ஒருவரின் விருப்பம். உங்களுக்கு வழிகாட்டப் பெரியப்பா இருந்தார். அந்தக் கொடுப்பினை இல்லாதவருக்கு, செய்தியில் கோப்பை தென்படும் நாளில்தான் வழி திறக்கிறது.

அவர் "நாம ஜெயிச்சிட்டோம்" என்று சொன்னதுதான் உங்களை அதிகம் தைத்திருக்கிறது என்று கடிதத்திலிருந்து புரிகிறது. இந்த உரிமை கொண்டாடலைப் பற்றி உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில், வார இறுதியில் தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புகளுக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையோடு வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடியது என்பது அதன் முதல் பகுதி. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்த பகுதிதான். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பல்கலைக்கழக வளாகத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். அவர்களுடைய விடைகள் எப்படி இருந்தாலும், ஒரு சாராரிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும் மற்றவர்களிடம் மோசமாகச் செய்தீர்கள் என்றும் சொன்னார்கள். பின்னர் ஓர் ஆட்டத்தின் முடிவை விவரிக்கச் சொன்னார்கள். அணி வென்ற ஆட்டம் என்றால் "நாம் வென்றோம்" என்று தங்களையும் சேர்த்துக்கொண்டு பேசும் வழக்கம், மோசமாகச் செய்தீர்கள் என்று சொல்லப்பட்டவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

அதாவது, பிறருடைய வெற்றியோடு தன்னை ஒட்டவைத்துக்கொள்ளும் ஆவல், தன் வாழ்வில் அன்று ஏதோ ஒன்று குறைந்துபோன மனிதரிடம் கூடுதலாக எழுகிறது. உங்களை நோக்கிக் கை நீட்டி வந்தவருக்கு அந்த வாரம் எப்படிக் கழிந்தது என்று நமக்குத் தெரியாது. வெற்றியின் கதகதப்பில் சிறிது நேரம் நின்றுகொள்ள ஒருவர் விரும்பினால், அதை உங்கள் சொத்தைத் திருடுவதாக என்னால் நினைக்க முடியவில்லை. அவர் எடுத்துக்கொண்டதால் உங்கள் பங்கு குறைந்துவிடவில்லை.

இனி உங்கள் பங்கு எது என்பதைப் பார்ப்போம். "நான் பட்ட பாட்டில் ஒரு துளிகூடப் படாதவருக்கும் அதே மகிழ்ச்சியா?" என்பதுதான் பழைய ரசிகர்கள் எல்லோருடைய மனக்குறை; உங்கள் முதல் வருத்தமும் அதுவே. அதே மகிழ்ச்சி அவருக்குக் கிடைப்பதில்லை, நண்பரே. 1999 மே 30 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் சிட்டி அப்போது இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியிருந்தது. அந்த நிலையிலும் அதன் சொந்த அரங்குக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேருக்கு மேல் வந்தார்கள். நான்கே நாட்களுக்கு முன்புதான் அதே நகரத்தின் மற்ற அணியான மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்று, ஒரே பருவத்தில் மூன்று பட்டங்கள் என்ற சாதனையை முடித்திருந்தது. இங்கே சிட்டி, இரண்டாம் அடுக்குக்காவது ஏற முடியுமா என்று கில்லிங்கம் அணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்து நிமிடங்களில் கில்லிங்கம் இரண்டு கோல் போட்டது. சிட்டி ரசிகர்களில் பலர் எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் கெவின் ஹார்லாக் ஒரு கோலைத் திருப்பினார்; வீணான நேரத்துக்காகச் சேர்க்கப்படும் இன்ஜுரி டைமின் இறுதியில் பால் டிக்காவ் இன்னொன்றைப் போட்டார்; பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் சிட்டி வென்றது. வெளியேறிய ரசிகர்கள் சிலர் சத்தம் கேட்டு ஓடித் திரும்பினார்கள். தோல்விக் காலம் முழுவதும் கூடவே நின்றவர்கள்கூட அன்று ஆட்டம் முடியும்வரை பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்கள் என்பதை, பிறருடைய விசுவாசத்தை அளக்கும்போது நாம் மறக்கக் கூடாது.

அந்த அணி 2008-இல் அபுதாபியின் பணத்துக்குக் கைமாறியது. 2012 மே 13 அன்று, லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில், சிட்டி மீண்டும் பின்தங்கியிருந்தது. மீண்டும் இன்ஜுரி டைமில் இரண்டு கோல். இரண்டாவது கோலை செர்ஹியோ அகுவேரோ போட்டபோது 44 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வந்தது. புதிதாக வந்தவர் அன்று கண்டது பரபரப்பான ஓர் ஆட்டத்தை. 1999-ஐ நேரில் கண்டவரோ, அதே கடைசி நிமிடங்களில் இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். இதை வாங்கவும் முடியாது, ஜெர்சியோடு சேர்த்து அணிந்துகொள்ளவும் முடியாது. அணியோடு ஆழமாக ஒன்றியவர்களே வெற்றியில் அதிகம் திளைக்கிறார்கள் என்றும், தோல்வியில் அவர்களே குறைவாக விலகுகிறார்கள் என்றும் உளவியலாளர்கள் டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம் ஆகிய இருவரும் 1990-இல் எழுதியிருக்கிறார்கள். ஆய்வு இல்லாமலேயே நீங்கள் இதை அறிவீர்கள்.

ஆனால், அப்படியொரு மகிழ்ச்சி உங்களுக்கு வாய்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. வெற்றி வந்தது, எரிச்சல்தான் மிஞ்சியது. ஏன் அப்படி ஆனது என்பதற்கான விடை, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன்: "பெரியப்பா இப்போது இல்லை."

சிகாகோ கப்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி 1908-க்குப் பிறகு 2016-இல்தான் மீண்டும் உலகத் தொடரை வென்றது. இடைப்பட்ட 108 ஆண்டுகளில் எத்தனை ரசிகர்கள் பிறந்து, காத்திருந்து, பார்க்காமலே மறைந்திருப்பார்கள்! அந்த வாரம் மக்கள் கையில் சாக்பீஸோடு அணியின் சொந்த அரங்கமான ரிக்லி ஃபீல்டுக்கு வந்து, அதன் வெளிப்புறச் செங்கல் சுவரில் எழுதத் தொடங்கினார்கள். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், உங்களுக்காக வென்றுவிட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி. கைக்கு எட்டிய உயரம்வரை இடமில்லாமல் போனபோது, ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி எழுதினார்கள். எழுதியவர்களில் நேற்று வந்த ரசிகர் யார், அரை நூற்றாண்டு காத்தவர் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த அணியைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிட்டு, இறந்த தந்தைக்காக அன்று மட்டும் வந்த மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாள். அவளைத் திடீர் ரசிகை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் அன்று அலுவலகத்தில் தேடியது ஒரே ஒரு முகத்தை. அது இல்லாத இடத்தில் இத்தனை முகங்கள் வந்து நின்றதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. தோல்விக் காலத்தில் ரசிகர் கூட்டம் சிறியது, நெருக்கமானது. அணி மேலே வர வர அந்த நெருக்கம் கலைந்துபோகிறது. இது உண்மையான இழப்பு; உங்கள் இரண்டாவது வருத்தம் இதுதான். அதைக் கலைத்தது நீங்கள் விரும்பி வேண்டிய அந்த வெற்றிதான்.

மூன்றாவது வருத்தம் பொருளாதாரம் சார்ந்தது. உங்கள் கடிதத்தில் அது வெளிப்படையாக இல்லை. ஆனால் அரங்குக்கே சென்று பார்க்கும் ரசிகர்களின் கோபத்தில் பெரும்பகுதி இதுதான். அணி வென்றால் கூட்டம் பெருகுகிறது, டிக்கெட் விலை ஏறுகிறது, பழையவரின் இருக்கை அவருக்கு எட்டாமல் போகிறது. தன் இடத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் அவர் பார்க்கிறார். விலையை நிர்ணயித்தவர் கண்ணில் படுவதில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் ரசிகர்கள் சரியான திசையில் திரும்பினார்கள். அடுத்த பருவத்துக்கு மிக உயர்ந்த டிக்கெட் விலையை 77 பவுண்டாக ஆக்கும் திட்டத்தை எதிர்த்து, ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில், தங்கள் அணி இரண்டு கோல் முன்னிலையில் இருந்தபோதே, சுமார் 10,000 பேர் அரங்கை விட்டு வெளியேறினார்கள். எஞ்சிய நேரத்தில் எதிரணி இரண்டு கோலையும் சமன் செய்துவிட்டது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

2021 ஏப்ரலில் 12 பெரிய அணிகள் சேர்ந்து அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக்கையும் இதோடு நினைக்க வேண்டும். அதைத் தொடங்கிய அணிகளுக்குத் தரமிறக்கமே கிடையாது என்பது அதன் அடிப்படை. நீங்களும் பெரியப்பாவும் ஸ்கோரை மட்டும் பார்த்து விழித்திருந்த அந்த ஆண்டைப் போன்ற ஒன்று, அந்த அணிகளுக்கு இனி வரவே கூடாது என்று அவற்றின் உரிமையாளர்கள் முடிவு செய்தார்கள். அது நடந்திருந்தால், உங்களைப் போன்ற ரசிகர் உருவாகும் வழியே அடைபட்டிருக்கும். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் ஆறு இங்கிலாந்து அணிகளும் விலகின. கோபத்தைச் செலவழிக்கத் தகுந்த இடம் இது. அங்கே புதியவர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

பயிற்சியாளர் பெயரைக் கேட்டது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய கேள்விகளை அதிகம் எதிர்கொள்பவர்கள் பெண்கள். ஜெர்சி அணிந்த ஒரு பெண்ணிடம் ஆஃப்சைடு விதியை விளக்கச் சொல்லிக் காத்திருக்கும் ஆண்களை எங்கும் பார்க்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அறிவைச் சோதிக்கும் கேள்வி என்று தொடங்கி, உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதில் அது முடிகிறது. உங்கள் கூச்சம் சரியானது. அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்த நண்பரை வரச் சொல்லுங்கள். பயிற்சியாளரின் பெயரை இந்த முறை நீங்களே சொல்லுங்கள். தரமிறங்கிய அந்த ஆண்டைப் பற்றியும், பெரியப்பாவைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள்; கேட்பதற்கு விருப்பமுள்ளவரா என்று இடைவேளைக்குள் தெரிந்துவிடும். அணி தோற்றால், அதற்கு அடுத்த ஆட்டத்துக்கும் அழைத்துப் பாருங்கள்.

அன்புடன்.