உப்புக்காற்றில் வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். சிலிக்கோன் ரப்பர் தாளில் வெள்ளி நானோகம்பிகளைப் பரப்பி, இழுத்தாலும் மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் படலம் செய்கிறேன். விரல் மடங்குவதை அறியும் சென்சாருக்காக. முதலில் நன்றாகக் கடத்துகிறது, சில வாரங்களில் மின்தடை ஏறிவிடுகிறது. வெளிநாட்டு லேப்களில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்கள். நான் இதை விட்டுவிட்டு ஐ.டி. பக்கம் போய்விடலாமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள தம்பி,

மின்தடை ஏறியதை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

திருப்பாப்புலியூரில் என் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடலோரத் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் டிரான்சிஸ்டரைத் திறந்தால், பேட்டரி தொடுகிற பித்தளைத் தகடு பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளை விரலகலத்துக்கு மடித்து நாலு தேய் தேய்ப்பார், செட் பாடும். அதே மாடல் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நெய்வேலியிலிருந்து வந்தால் தகடு பளிச்சென்று இருக்கும். வந்த செட்டைத் திறக்கும் முன்பே, "எந்த ஊரு?" என்றுதான் கேட்பார்.

தகட்டுக்கே அந்தக் கதி. உங்கள் கம்பி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளிக் கொலுசு மேலோட்டமாகக் கறுக்கும். நானோகம்பிக்கு மேலோடு போனால் மிச்சம் அதிகமில்லை. அதிலும் கம்பியும் கம்பியும் தொடும் இடங்கள் வழியாகத்தான் மின்சாரம் போயாக வேண்டும். அந்தத் தொடுப்புகள் கெட்டால் படலம் முழுக்க கெட்ட மாதிரிதான். படலம் மேசையில் திறந்து கிடந்ததா, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய ஜாடியில்) இருந்ததா, ஈரப்பதம் என்ன? ஒன்றையும் எழுதவில்லை. மின்தடை ஏறியது உங்கள் குற்றமில்லை. அதைக் குறித்து வைக்காததுதான் குற்றம். அதைக் கண்டிக்காமல் விடமாட்டேன்.

"எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்" என்பது சோம்பேறிப் பேச்சு. போன் திரையில் மின்சாரம் கடத்தும் பூச்சாக இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு சில சதவீதம் இழுத்தாலே விரிசல் விடுகிறது. அதனால்தானே இந்தத் தேடலே தொடங்கியது. 2013இல் ஹார்வர்டில் கெப்ளிங்கரும் சகாக்களும் உலோகத்தையே விட்டுவிட்டு, சாதாரண உப்புநீர் ஊறிய பாலிஅக்ரிலமைடு ஜெல்லை எடுத்தார்கள். நடுவில் ஒரு ரப்பர் படலம், இருபுறமும் ஜெல். கண்ணாடி போலத் தெளிவான அந்தத் தாள் ஸ்பீக்கராகப் பாடியது. உப்புநீரில் கரன்ட் விட்டால் குமிழி கிளம்பாதா என்று கேட்பீர்கள். 10 கிலோவோல்ட்டுக்கு மேல் கொடுத்தும் கிளம்பவில்லை. மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதும் ரப்பரின் குறுக்கே விழுகிறது. உலோகமும் ஜெல்லும் தொடும் இடத்தில் வேதிவினை நடக்கிற அளவுக்கு மிஞ்சுவதில்லை.

அந்த ஜெல்லின் பெரிய குறை, காய்ந்துபோவது. அதற்குத்தான் பின்னால் லித்தியம் குளோரைடு சேர்த்தார்கள். காற்றில் 11 சதவீத ஈரப்பதம் இருந்தாலே அது நீரை இழுத்துக்கொள்ளும். சமையல் உப்புக்கு 75 சதவீதம் வேண்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி சொதசொதக்கிறதே, காரணம் அதுதான். அங்கே காய்கிற ஜெல் இங்கே எத்தனை நாள் காயாமல் நிற்கும்? லித்தியம் உப்பு சேர்த்தது நம் மழைக்காலத்தில் அளவுக்கு மீறி ஊதிவிடுமா? வெயிலில் வேர்த்த விரலில் ஒட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மொட்டைமாடியில் பதில் இருக்கிறது. குளிரூட்டிய லேபில் கிடைக்காது. சென்சாரைக் கையில் மாட்டிக்கொள்ளப் போகிறவர் கடற்கரையில் வலை இழுப்பவராகவும் இருக்கலாம், வாதம் வந்து விரலை மடக்கப் பழகும் பாட்டியாகவும் இருக்கலாம். அவர்கள் வீட்டில் டெசிகேட்டர் இல்லை.

கைடு திட்டுவது, மிஷின் கிடைக்காதது பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதையெல்லாம் விடுங்கள். எல்லா இடத்திலும் உள்ளதுதான்.

ஒரே நாளில் செய்த படலத்தை மூன்றாக வெட்டுங்கள். ஒன்று டெசிகேட்டரில், ஒன்று லேப் மேசையில், ஒன்று கடல் பார்த்த ஜன்னலில். பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி. தினமும் ஒரே நேரத்தில் மின்தடையை எழுதுங்கள். பாதி நாட்களில் இழுத்தும் அளந்து பாருங்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், ஐ.டி.யைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.